கேப்டன் ரெஜ் சாண்டர்ஸ்: இரண்டு போர், ஒரு ஏரி

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டார்கள். "நீ பார்க்கிற வேலையைப் பற்றிப் பேசாதே, எல்லாரும் தூங்கிடுவாங்க. யாராவது ஒரு மனுஷனைப் பற்றிப் பேசு" என்றார்கள். நான் விக்டோரியா மாநிலத்தில் தண்ணீர் சம்பந்தமான வேலையில் இருக்கிறேன். ஆகவே அந்த மாநிலத்துக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் ஒரு சிப்பாய். ஆனால் நண்பர்களே, பேச்சு முடிவதற்குள் எப்படியாவது தண்ணீருக்கு வந்துவிடுவேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்ஜினீயர்கள் கூட்டத்தில் ஆஸ்திரேலிய ராணுவம் என்று ஆரம்பித்தால் ஜான் மோனாஷைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அவர் நம்ம ஜாதி! சிவில் என்ஜினீயர், கான்கிரீட் பாலங்கள் கட்டியவர், முதல் உலகப் போரில் ஜெனரல் ஆனவர். அவர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்ல நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது ரெஜினால்ட் வால்டர் சாண்டர்ஸ் என்பவரைப் பற்றி. 14 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போரிலும், பிறகு கொரியப் போரிலும் சண்டை போட்டவர்.

1920-ல் மேற்கு விக்டோரியாவில் பிறந்தார். குண்டிட்ஜ்மரா இனம். அம்மா சின்ன வயதிலேயே இறந்துபோக, பாட்டிதான் காண்டா ஏரிப் பக்கம் வைத்து வளர்த்தார். அங்கே ஒரு கிறிஸ்தவ மிஷன் குடியிருப்பு இருந்தது. அப்பா கிறிஸ் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். மாமா ஒருவர், வில்லியம் ரெஜினால்ட் ராலிங்ஸ், பிரான்சில் வீரத்துக்காக மிலிட்டரி மெடல் வாங்கி, 1918 ஆகஸ்டில் அங்கேயே செத்துப்போனார். அந்த மாமாவின் பெயரைத்தான் பையனுக்கு வைத்தார்கள். அதே ஏரிக்கரையில் லவட் என்று ஒரு குடும்பம். அண்ணன் தம்பி ஐந்து பேர் முதல் போருக்குப் போனார்கள், ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள். அதில் நான்கு பேர் இரண்டாம் போருக்கும் மறுபடி பெயர் கொடுத்தார்கள். ஒரு சின்ன மிஷன் ஊரின் கணக்கு இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1940 ஏப்ரலில் ரெஜ் ராணுவத்தில் சேர்ந்தார். ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களைக் கட்டாய ராணுவப் பயிற்சியிலிருந்து விலக்கி வைக்கும் சட்டம் 1909-லிருந்தே அங்கே உண்டு. பழங்குடியினரைப் படையில் சேர்ப்பது தேவையுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை என்று அந்த 1940-லேயே மேலிடம் முடிவு செய்தது. ஆனால் ஆள் சேர்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் பல இடங்களில் கண்டும் காணாமல் விட்டார்கள். பிறகு ஜப்பான் பக்கத்தில் வந்து நின்றதும் விதியே தளர்ந்துபோனது. தேவை வந்தால் ஃபைல் எப்படி வேகமாக நகரும் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் போய்ச் சேர்ந்தது ஆறாவது டிவிஷனின் 2/7 பட்டாலியன். வட ஆப்பிரிக்கா, பிறகு கிரீஸ். கிரீஸில் ஜெர்மானியர் முன் நிற்க முடியவில்லை. 1941 ஏப்ரல் இறுதியில் பட்டாலியன் பின்வாங்கி ஏறிய கோஸ்டா ரிக்கா என்ற கப்பலும் குண்டுவீச்சில் மூழ்கியது. நல்ல வேளை, துணைக்கு வந்த போர்க்கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டன. கிரீட் தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கேயும் மே 20-ந் தேதி வானத்திலிருந்து பாரசூட்டில் ஜெர்மானியர் இறங்கினார்கள்.

கிரீட்டில் ஒரு சண்டை பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சூடா வளைகுடாவுக்குப் பக்கத்தில் ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு மண் ரோடு. அதற்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் நாற்பத்திரண்டாவது தெரு. ஏதோ நியூயார்க் ஞாபகம் என்று நினைப்பீர்கள். அதுவல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தின் 42-வது என்ஜினீயர் கம்பெனி முன்பு அங்கே முகாம் போட்டிருந்தது, அந்த எண்தான் பெயராகிவிட்டது. பாருங்கள், நம்ம ஆட்கள் எங்கே போனாலும் ஒரு ரோட்டையாவது விட்டுவிட்டு வருகிறார்கள்! 1941 மே 27-ந் தேதி காலை அந்த ரோட்டோரம் படுத்திருந்த நியூசிலாந்தின் மவோரி பட்டாலியனும் ஆஸ்திரேலியர்களும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு எழுந்து ஓடி, முன்னேறி வந்த ஜெர்மன் மலைப்படையை விரட்டி அடித்தார்கள். அதில் ரெஜ்ஜும் ஒருவர். தான் கொன்றதாக உறுதியாகத் தெரிந்த முதல் மனிதன் அங்கேதான் விழுந்தான் என்றும், அந்தக் கணத்தில் கங்காருவைச் சுடுவது போல, ஏதோ தூரத்து விஷயமாக இருந்தது என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைப் பெருமையாகச் சொன்னாரா, வேதனையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. காட்டில் வேட்டையாடி வளர்ந்த 20 வயசுப் பையனுக்கு அந்த ஒப்புமைதான் கையில் இருந்திருக்கும்.

அந்தத் தாக்குதல் மற்றவர்கள் தப்பிப் போக நேரம் வாங்கிக் கொடுத்தது. 2/7 பட்டாலியன் கடைசிக் காவலாக நின்றுகொண்டே மலையைத் தாண்டி ஸ்பாக்கியா கடற்கரைக்கு வந்தது. மற்றவர்களைக் கப்பலேற்றிவிட்டு இவர்கள் முறை வந்தபோது கப்பல்கள் கிளம்பிவிட்டன. கமாண்டர் வாக்கர் படகில் கால் வைத்தும், தன் ஆட்கள் வரமுடியவில்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்துவிட்டார். ஜூன் 1-ந் தேதி சரணடையச் சொல்லி உத்தரவு.

ரெஜ் சரணடையவில்லை. மலைக்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் அவரைக் காப்பாற்றியது யார் என்றால், கிரீட் தீவின் விவசாயக் குடும்பங்கள். அந்த ஜனங்கள் எடுத்த ஆபத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஜூன் மாதம் 3-ந் தேதி கண்டனோஸ் என்ற கிராமத்தையே ஜெர்மன் படை தரைமட்டமாக்கியது. அந்நியச் சிப்பாய்க்கு ரொட்டி கொடுத்தால் உயிர் போகும். அப்படி இருந்தும் கொடுத்தார்கள். இவர் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டார், குகையிலும் தொழுவத்திலும் தூங்கினார், வீடு மாற்றி வீடு நகர்ந்தார். சொந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 127-வது பிரிவு, மக்கள்தொகையை எண்ணும்போது பழங்குடியினரை எண்ணக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பிரிவு 1967 வாக்கெடுப்பில்தான் நீங்கியது. கிரீட்டில் ஒரு கிழவி அவரைத் தன் வீட்டு ஆளாக எண்ணியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. கதைக்காகச் சொல்லவில்லை. எண்ணாவிட்டால் ரொட்டியைப் பங்கு போட முடியாதே.

1942 மே மாதம் ஒரு மீன்பிடிக் கப்பலில் தப்பி லிபியாக் கரையில் வந்து இறங்கினார். ஊர் திரும்பினால் அடுத்த செய்தி: தம்பி ஹாரியும் ராணுவத்தில், நியூ கினி போர்முனையில். அந்த வருஷம் முடிவதற்குள் ஹாரி அங்கே கொல்லப்பட்டார். ரெஜ் தன் பழைய பட்டாலியனுக்கே திரும்பி, 1943-ல் அதே நியூ கினிக் காட்டுக்குப் போனார். இப்போது சார்ஜன்ட்.

காட்டுச் சண்டை வேறு மாதிரி. பாலைவனத்தில் பீரங்கியும் டாங்கியும் எண்ணிக்கையும் பேசும். காட்டில் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. முன்னால் போகும் ஆளின் காதையும் நிதானத்தையும் நம்பித்தான் பின்னால் வருகிறவன் காலை எடுத்து வைப்பான். இவர் முன்னால் போனால் திரும்பி வருவோம் என்று கூட இருந்தவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. கமாண்டர் இவரை அதிகாரிப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்தார்.

இங்கேதான் மேலிடத்துக்குத் தலைவலி. ஒரு சிப்பாயை லெப்டினன்ட் ஆக்குவது சாதாரண காரியம், தினமும் நடப்பது. ஆனால் இவர் லெப்டினன்ட் ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். "விசேஷ முக்கியத்துவம்" வாய்ந்த விஷயம் என்று சொல்லி ஃபைல் தலைமைத் தளபதி பிளேமி வரை போனது. பட்டாலியனில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும். கடைசியில் ஒப்புதல் வந்தது.

1944 நவம்பரில் விக்டோரியாவில் உள்ள சீமூர் பயிற்சிப் பள்ளியில் அவர் லெப்டினன்ட் ஆனார். அங்கே இவரோடு ஒரே கூடாரத்தில் தங்கியவர் டாம் டெரிக், விக்டோரியா கிராஸ் வாங்கியவர். இருவரும் கை குலுக்கி ஒருவரையொருவர் வாழ்த்தும் ஒரு புகைப்படம் ஆஸ்திரேலியாவில் மிகப் பிரபலம். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. ஆறு மாதத்தில் டெரிக் டாரகான் தீவில் இறந்துபோனார். முதல் உலகப் போரிலேயே பழங்குடி மரபுள்ள ஒருவர் அதிகாரியாக இருந்திருக்கிறார் என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் கண்டுபிடித்துச் சொன்னார்கள். என்றாலும், இவர் யார் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, யோசித்து, கையெழுத்துப் போட்டு அதிகாரி ஆக்கியது ரெஜ் சாண்டர்ஸைத்தான். மறுபடி நியூ கினி, இம்முறை ஒரு பிளாட்டூனுக்குத் தலைவராக. முழங்காலில் குண்டுக் காயம். போர் முடிகிறவரை பிளாட்டூன் அவர் கையில்தான் இருந்தது.

1945 அக்டோபரில் சீருடையைக் கழற்றினார். அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்லும்படி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானில் காவலுக்கு நின்ற காமன்வெல்த் படைக்குப் பெயர் கொடுத்தார். பழங்குடியினருக்கு இடமில்லை என்று பதில் வந்தது. கப்பல் கம்பெனிக் குமாஸ்தா, கட்டட வேலைக் கூலி என்று ஐந்து வருஷம் ஓடியது. முந்தின வருஷம் வரை முப்பது பேரின் உயிரை இவர் கையில் கொடுத்திருந்த அதே அரசாங்கம்தான் இது.

1950-ல் கொரியப் போர் வந்தது. இப்போது அனுபவமுள்ள அதிகாரிகள் அவசரமாக வேண்டும். திரும்பவும் கதவு திறந்தது. மூன்றாவது ராயல் ஆஸ்திரேலிய பட்டாலியனில் கேப்டன் ஆகி, சி கம்பெனிக்குத் தலைவர் ஆனார். கம்பெனி என்றால் நூறு பேருக்கு மேல். 1951 ஏப்ரல் 23 இரவு, சியோலுக்கு வடகிழக்கே காப்யோங் பள்ளத்தாக்கில் தென் கொரியப் படை சிதறிப் பின்வாங்க, அதன் பின்னாலேயே சீனப் படை அலை அலையாக வந்தது. வழியை அடைத்துக்கொண்டு நின்றது ஆஸ்திரேலிய பட்டாலியன் ஒன்று, கனடா பட்டாலியன் ஒன்று, கூட நியூசிலாந்து பீரங்கிகள், கொஞ்சம் அமெரிக்க டாங்கிகள். ஒரு டிவிஷனை எதிர்த்து இவ்வளவுதான். 24-ந் தேதி பகல் முழுதும் ஆஸ்திரேலியர்கள் 504-ம் குன்றில் தாக்குப்பிடித்து, இருட்டியதும் மலை முகட்டு வழியாக ஒழுங்கு குலையாமல் இறங்கி வந்தார்கள். ஆஸ்திரேலியர்களில் 32 பேர் இறந்தார்கள், 59 பேர் காயம்பட்டார்கள். சியோலை நோக்கி வந்த அந்த வழி அடைபட்டது. பட்டாலியனுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் பாராட்டு விருது கிடைத்தது.

விடிந்தால் ஏப்ரல் 25. ஆஸ்திரேலியர்களுக்கு அது அன்சாக் தினம், 1915-ல் கல்லிப்போலியில் இறங்கிய நாளின் நினைவு. நம்ம ஊர் சுதந்திர தினத்துக்கும் திவசத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றுதான் கடைசியில் தானும் ஒரு அன்சாக் என்று உணர்ந்ததாக ரெஜ் சொன்னார். அப்பா போரில், மாமா போரில், தம்பி போரில், தானே பதினொரு வருஷமாக இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் தனக்கும் உரியது என்று தோன்றியிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நம்ம தொடர்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த பிரிகேடோடு சேர்ந்து காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டது இந்திய ராணுவத்தின் 60-வது பாரசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம்மவர், பின்னால் மகாவீர் சக்ரா பெற்றவர். இந்தியா கொரியாவுக்குச் சண்டைப் படை அனுப்பவில்லை, டாக்டர்களை அனுப்பியது.

1954-ல் ரெஜ் ராணுவத்தை விட்டு விலகினார். பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. காட்டில் மரம் வெட்டும் கான்ட்ராக்ட், தொழிற்சாலை என்று மறுபடி பழைய வாழ்க்கை. கொரியாவில் அவரைப் பார்த்திருந்த பத்திரிகையாளர் ஹாரி கோர்டன் 1962-ல் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். தலைப்பு "சங்கடப்படுத்தும் ஆஸ்திரேலியர்" என்ற பொருளில் வரும். யாருக்குச் சங்கடம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1969-ல் அரசின் பழங்குடி விவகார அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள், 1971-ல் எம்.பி.ஈ. பட்டம், 1985-ல் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தின் நிர்வாகக் குழுவில் இடம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன் என்று சொன்னேனே. காண்டா ஏரி.

போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு விவசாய நிலம் கொடுக்கும் திட்டம் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருந்தது. அதற்காக 1951-ல் காண்டா ஏரி மிஷன் நிலத்தை எடுத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பங்கு போட்டார்கள். லவட் சகோதரர்களை ஞாபகம் இருக்கிறதா? ஐந்து பேர், அதில் நான்கு பேர் இரண்டு போர் பார்த்தவர்கள். தங்கள் சொந்த ஏரிக்கரையில் அந்தத் திட்டப்படி நிலம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ரெஜ் கொரியாவில் 504-ம் குன்றில் நின்றதும் இதே வருஷம்தான். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

அந்த நிலம் சாதாரண நிலமும் இல்லை. பட்ஜ் பிம் என்ற எரிமலை கக்கிய குழம்பு இறுகிக் கருங்கல் காடாகக் கிடக்கிறது. அந்தக் கல்லை நகர்த்தி, அடுக்கி, வெட்டி, குண்டிட்ஜ்மரா மக்கள் வாய்க்காலும் தடுப்பணையும் குட்டையும் கட்டியிருக்கிறார்கள். எதற்கு? விலாங்கு மீனுக்கு. வெள்ளம் ஏறும்போது மீனை வாய்க்காலில் திருப்பி, குட்டையில் தேக்கி வளர்த்து, தடுப்பின் இடைவெளியில் பின்னிய கூடையை வைத்துப் பிடிப்பார்கள். 6,600 வருஷப் பழமை என்று கரிமப் பகுப்பாய்வு சொல்கிறது. நம்ம கல்லணை கட்டி சுமார் 2,000 வருஷம் என்கிறோம். நீர்மட்டம் எவ்வளவு ஏறினால் எந்த வாய்க்காலில் பாயும் என்ற கணக்கு இல்லாமல் இதைச் செய்ய முடியாது. தம்பி தங்கைகளே, திறந்த கால்வாய் ஓட்டம் பற்றி நான்காவது செமஸ்டரில் நாம் படிப்பதை அவர்கள் காலால் நடந்து, கண்ணால் பார்த்துச் செய்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2019-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே வருஷக் கடைசியில் வந்த காட்டுத்தீ புதர்களை எரித்துவிட்டுப் போக, யாரும் பார்த்திராத ஒரு 25 மீட்டர் வாய்க்கால் வெளியே தெரிந்தது.

குடியேறியவர்களுக்கு இதெல்லாம் வெறும் சதுப்பு நிலமாகத்தான் பட்டது. 1880-களிலிருந்தே வடிகால் வெட்டி ஏரியை வடிய விட்டார்கள். ரெஜ் சிறுவனாக ஓடித் திரிந்தது பாதி வற்றிய ஏரியின் கரையில். 1987-ல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு காண்டா ஏரி மிஷன் நிலத்தைப் பழங்குடியினரிடம் திருப்பிக் கொடுத்தது. ரெஜ் அதைப் பார்க்க இருந்தார். 1990 மார்ச் 2-ந் தேதி காலமானார். சாம்பலை காண்டா ஏரியில்தான் தூவினார்கள்.

அதற்கு இருபது வருஷம் கழித்து, 2010-ல், ஏரி வாயில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் மறுபடி நிற்க ஆரம்பித்தது. விலாங்கு திரும்பி வந்திருக்கிறது.